கோலார் தூசிக்குக் கணக்கு எங்கே?

கோலார் தங்க வயலில் 13 மண்மேடுகள் இருக்கின்றன. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் குன்றுகள் என்றே நினைத்துக்கொள்வார்கள். அவை குன்றுகள் அல்ல. நூற்றிருபது வருஷ காலம் தொழிலாளர்கள் பூமிக்கு அடியிலிருந்து உடைத்து மேலே அனுப்பிய பாறை, யந்திரத்தில் இடிபட்டு, மாவாகி, தங்கம் எடுக்கப்பட்ட பிறகு கொட்டிய சக்கை அது. ‘சைனைடு மேடு’ என்கிறார்கள் ஊர் ஜனங்கள். மொத்தம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

2024 ஜூன் மாதம் கர்நாடக மந்திரிசபை கூடி, இந்த மேடுகளை மறுபடி கிளறித் தங்கம் எடுப்பதற்கு மத்திய சர்க்கார் வைத்த யோசனைக்குச் சம்மதம் கொடுத்தது. நிலம் 1,003.4 ஏக்கர். ஒரு டன் சக்கையில் ஒரு கிராம் தங்கம்கூட மிச்சம் இல்லை. இருந்தாலும் தங்கத்தின் விலை ஏறியிருக்கிற ஏற்றத்தில், அன்று வேண்டாம் என்று கொட்டியது இன்று வேண்டியதாகிவிட்டது.

மேட்டைக் கிளறக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. சுரங்கம் மூடிய பிறகு ரெயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் வீடு திரும்பும் அந்த ஊர் ஜனங்களுக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைக்குமானால் சந்தோஷமே. நாம் கேட்பது வேறு. மேட்டில் எத்தனை தங்கம் இருக்கிறது என்று துளை போட்டு, மண்ணை அள்ளிச் சோதித்து, கணக்கு எழுதிவிட்டார்கள். அதே மாவு எத்தனை பேருடைய நெஞ்சுக்குள் போய்த் தங்கியிருக்கிறது என்று யாராவது கணக்கு எழுதினார்களா?

இந்த மாவு எப்படி உண்டாயிற்று என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. உரலும் உலக்கையும் தெரிந்தால் போதும்.

கோலார் தங்கம் ஆற்று மணலில் மின்னுகிற தங்கம் அல்ல. குவார்ட்ஸ் என்னும் கெட்டியான வெள்ளைக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலந்து கிடப்பது. கல்லை மாவாக்கினால்தான் தங்கம் வெளியே வரும். அதற்கு அமைந்த யந்திரம்தான் ஸ்டாம்ப் மில். மேலே தாடைபோல் இரண்டு இரும்புத் தகடுகள் கல்லை மென்று ஜல்லியாக்கும். அந்த ஜல்லி கீழே ஓர் இரும்புப் பெட்டிக்குள் விழும். அதுதான் உரல். அதற்கு மேல் வரிசையாக ஐந்து இரும்பு உலக்கைகள். ஒவ்வொன்றும் 400, 500 கிலோ கனம். பிற்காலத்தில் இன்னும் கனமாகவும் செய்தார்கள். பக்கத்தில் சுழலும் ஓர் அச்சில் கொம்புபோல் வளைந்த இரும்புகள் இருக்கும். ‘கேம்’ என்பது அதன் பெயர். அது உலக்கையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கும். ஆறு, எட்டு அங்குலம் தூக்கியதும் விட்டுவிடும். உலக்கை தன் கனத்தோடு ‘தடால்’ என்று கல்லின் மேல் விழும். தூக்கும்போதே உலக்கையைச் சற்றுத் திருப்பியும் விடும். அடிப்பாகம் ஒரே பக்கமாகத் தேயக் கூடாது என்பதற்காக. இரும்பு தேய்வதில் இவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

நிமிஷத்துக்கு 90, 100 தடவை இடி. நூறு என்று வைத்துக்கொண்டால் ஓர் உலக்கைக்கு நாளொன்றுக்கு 1,44,000 இடி. இப்படி ஐந்தைந்தாக வரிசை வரிசையாக நின்ற உலக்கைகள் இரவு பகல் ஓயாமல் இடித்தன. உரலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இடிபட்ட மாவு சேறாகிச் சல்லடை வழியே வெளியேறி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் வழியும். தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகப் போய்த் தங்கம் நிற்கும். அந்த ஆவியும் விஷம்தான். தகட்டில் பிடிபடாமல் தப்பிய தங்கத்தை எடுக்கப் பின்னால் சைனைடு கரைசல் வந்தது. 1887-இல் கண்டுபிடித்த முறை அது. அதற்கும் பிறகு மிஞ்சிய சக்கைதான் இன்றைய 13 மேடுகள்.

ஸ்டாம்ப் மில் ஆங்கிலேயன் மூளையில் உதித்த அதிசயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1556-இல் அச்சான அக்ரிகோலாவின் புத்தகத்தில், தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் இதே இடி யந்திரத்தின் படம் இருக்கிறது. ஜெர்மனியின் சுரங்க மலைகளில் உழைத்தவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த யந்திரம். கார்ன்வால் தகரச் சுரங்கங்களிலும் கலிபோர்னியாவின் தங்க மலைகளிலும் அது மேலும் செம்மைப்பட்டது. உழைப்பாளியின் கைவலியைக் குறைக்கப் பிறந்த யந்திரம், யார் கையில் சிக்குகிறதோ அவனுக்குத்தான் சேவகம் செய்கிறது.

கோலாரில் அது சிக்கியது லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியின் கையில். 1880-இல் வந்தவர்கள். கார்ன்வாலிலிருந்து மேஸ்திரிகளைக் கொண்டுவந்தார்கள். பாறை உடைக்கவும் சுமக்கவும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் போனார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட ஜாதிகளைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலிகள். பண்ணையாரின் வாசலில் கைகட்டி நிற்பதைவிடப் பாதாளம் மேல் என்று போனவர்கள். அவர்களுக்குத் தகரக் கூரைக் குடிசை வரிசைகள். துரைமாருக்கு பங்களாவும் கிளப்பும். 1902-இல் காவேரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் கோலாருக்கு வந்தது. இந்த நாட்டில் அவ்வளவு தூரம் மின்சாரக் கம்பி இழுத்தது அதுவே முதல் தடவை. பெங்களூர் நகரத்து வீதிகளுக்கு விளக்கு எரிவதற்கு முன்பே சுரங்கத்து யந்திரங்களுக்கு மின்சாரம் கிடைத்துவிட்டது!

தங்கத்தைக் காப்பதில் கம்பெனிக்கு இருந்த கவனத்தைப் பாருங்கள். 1897-இல் மைசூர் சர்க்கார் சுரங்க ரெகுலேஷன் கொண்டுவந்தது. சுத்தி செய்யாத தங்கப் பொருள் ஒரு தொழிலாளியிடம் அகப்பட்டால், அது எப்படி வந்தது என்று அவன்தான் கணக்குச் சொல்ல வேண்டும். 1930-இல் கம்பெனி ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிய வேண்டும் என்றது. ‘நாங்கள் என்ன திருடர்களா?’ என்று கேட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 21 நாள் நடந்த அந்த வேலைநிறுத்தம் கோலார் சரித்திரத்தில் அழியாத பக்கம்.

தொழிலாளியின் கையில் தங்கப் பொடி இருந்தால் குற்றம். தொழிலாளியின் நெஞ்சில் கல் பொடி இருந்தால்? அதற்குக் குற்றவாளி யாரும் இல்லை. ரேகை எடுக்க மை வைத்திருந்த கம்பெனி, நெஞ்சைச் சோதிக்க வெகுகாலம் வரை எதுவும் வைத்திருக்கவில்லை.

குவார்ட்ஸ் கல்லின் நுண்ணிய தூசி கண்ணுக்குத் தெரியாது. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. மூக்கில் பிடிபடாது, இருமினாலும் வராது. நுரையீரலின் கடைசிக் கிளை வரை போய்த் தங்கும். அங்கே அது கரைவதில்லை. உடம்பு அதோடு சண்டை போட்டுத் தழும்பு தழும்பாகக் கட்டிவிடும். மிருதுவாய் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் கெட்டிப்படும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்; பிறகு நடந்தால் வாங்கும்; கடைசியில் படுத்திருந்தாலும் வாங்கும். காசநோய் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். சிலிகோஸிஸ் என்பது இந்த நோயின் பெயர். ஏற்பட்ட தழும்பை மாற்றும் மருந்து இன்று வரை இல்லை.

1940-இல் மைசூர் சமஸ்தானம் சிலிகோஸிஸ் விதிகளைப் போட்டு, இது நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நோய் என்று ஏற்றுக்கொண்டது. அந்த வருஷம் தொடங்கி 1946 வரை கோலாரில் நடந்த பரிசோதனையில் 7,653 தொழிலாளர்களைப் பார்த்தார்கள். 100-க்கு 43.7 பேருக்கு நோய்! ஏறக்குறைய இருவரில் ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் மில்லில் நின்றவர்கள் அல்ல, பூமிக்கு அடியில் பாறையைத் துளைத்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மில்லில் உலக்கையின் அடியில் தண்ணீர் ஓடியது. தூசி சேறாகப் போயிற்று. அடியில் மிஷின் வைத்து உலர்ந்த கல்லைத் துளைத்த காலத்தில் தூசி முழுவதும் துளைத்தவனுடைய மூச்சிலேயே போயிற்று.

இந்த வித்தியாசத்தை வாசகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரே கல், ஒரே தொழிலாளி. தண்ணீர் இருந்த இடத்தில் சேறு, இல்லாத இடத்தில் எமன். மில்லில் தண்ணீர் விட்டது தொழிலாளியின் நெஞ்சுக்காக அல்ல, தங்கத்தைக் கழுவி எடுப்பதற்காக. தங்கத்துக்காக விட்ட தண்ணீர் அங்கே நின்றவனையும் ஓரளவு காப்பாற்றியது, அவ்வளவுதான்.

அந்த 1946-இலேதான், நவம்பர் 4-ஆம் தேதி, கூலியும் மரியாதையும் கேட்ட கோலார் தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி 6 பேரைக் கொன்றது. செங்கொடியின் கீழ் அந்தத் தொழிலாளர்களைத் திரட்டிய தோழர் கே. எஸ். வாசனை வயதான தொழிலாளர்கள் இன்றும் மறக்கவில்லை. போராடியதால்தான் கூலி உயர்ந்தது. 1956-இல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய சர்க்கார் கைக்குப் போயிற்று. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் மாறியது. சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போய்விட்டது. கல்லில் தங்கம் குறைந்தது. நஷ்டக் கணக்கு காட்டினார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். மொத்தம் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த பூமி அது. பெரும் பகுதி வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பல் ஏறிவிட்டது. நஷ்டம் மட்டும் நம் தொழிலாளிக்கு.

சுரங்கத்தை ஒரே நாளில் மூடலாம். சிலிகோஸிஸை மூட முடியாது. வேலையை விட்டு வெளியே வந்த பிறகும் உள்ளே தங்கிய தூசி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பத்து வருஷம், இருபது வருஷம் கழித்தும் நோய் முற்றும். எனவே 2001-இல் கையில் சில காகிதங்களோடு வீட்டுக்குப் போனவர்களின் கணக்கு அன்றோடு தீர்ந்துவிட்டதாகச் சொல்வது வைத்தியத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. போதாததற்கு, காற்றுக் காலத்தில் சைனைடு மேட்டின் வெள்ளைப் பொடி கிளம்பி வீடுகளில், அடுப்பில், சோற்றில் வந்து படிகிறது. சுரங்கத்தில் இறங்கவே இறங்காத பெண்களும் குழந்தைகளும் அதைச் சுவாசிக்கிறார்கள். கோலாரின் பெயரை வைத்து சினிமா எடுத்தவர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டார்கள். படத்தில் தூசி நிறையவே பறக்கிறது; இருமுகிற ஆள் ஒருவரைக்கூடக் காணோம்!

இது பழைய கதைதானே என்று நினைக்கிற தோழர்களுக்கு குஜராத்தின் கோத்ரா பக்கம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே குவார்ட்ஸ் கல்லை அரைத்துத் தூளாக்கி, கண்ணாடி முதலிய தொழில்களுக்கு அனுப்பும் ஆலைகள் இருக்கின்றன. உலக்கை போய்ச் சுழலும் யந்திரம் வந்துவிட்டது. தூள் உலர்வாக வேண்டும் என்பதால் தண்ணீரும் போய்விட்டது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் ஜில்லாக்களிலிருந்து ஆதிவாசி விவசாயிகளும் கூலிகளும் மழை பொய்த்த காலத்தில் பிழைப்புத் தேடி அங்கே போனார்கள். சாக்கு நிரப்பினார்கள், தூளை அள்ளிக் கொட்டினார்கள். கோலாரில் இருபது வருஷத்தில் வந்த நோய் இங்கே சில மாதங்களிலும் ஓரிரு வருஷங்களிலும் பிடித்தது. வாலிபர்கள் ஊர் திரும்பிச் செத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, மனைவி என்று வரிசையாகப் போனார்கள். அவர்களில் பலரிடம் அந்த ஆலையில் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2016 மே 4-ஆம் தேதி, இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்ச ரூபாய் கொடுக்கும்படி கோர்ட்டு குஜராத் சர்க்காருக்கு உத்தரவிட்டது. பணம் கொடுத்தது சர்க்கார், அதாவது ஜனங்களின் வரிப்பணம். தூளை விற்று லாபம் பார்த்தவர்கள்?

அவர்கள் யார்? நம் வாசகர்களைப் போன்ற விவசாயக் கூலிகள். தஞ்சையில் தண்ணீர் வராத வருஷம் திருப்பூருக்குப் போகிறவர், ராமநாதபுரத்தில் மழை இல்லாத வருஷம் கல் குவாரிக்குப் போகிறவர், அந்த அலிராஜ்பூர்க்காரரின் சொந்த அண்ணன் தம்பிதான். இன்று ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் என்று ஜில்லாவுக்கு ஜில்லா கிரஷர்கள் ஓடுகின்றன. ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். கிரஷரில் நிற்பவர் எதைச் சாத்துவார்? துண்டை மூக்கில் கட்டிக்கொள்கிறார். அந்த நுண்தூசிக்குத் துண்டு ஒரு வாசல்; தடுப்பு அல்ல. மில் தோழர்களுக்கு இது புதிதாக இருக்காது. புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசி என்ன செய்யும் என்பதை அவர்கள் நெஞ்சே சொல்லும்.

ஆகவே யந்திரமே வேண்டாம் என்று சொல்வதா? சங்கக் கூட்டங்களில் சில தோழர்கள் ஆத்திரத்தில் அப்படியும் பேசிவிடுகிறார்கள். அது சரியல்ல. சுத்தியலால் கல்லைத் தட்டிய காலத்திலும் தூசி இருந்தது. தூசியை அடக்கும் வழி யந்திரத்தோடு சேர்ந்தேதான் வந்திருக்கிறது. கல் விழும் வாயில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கன்வேயரையும் சல்லடையையும் மூட வேண்டும். உலர்வாக அரைத்தே தீர வேண்டும் என்றால் யந்திரத்தைப் பெட்டிபோல் அடைத்து, தூசியை விசிறி வைத்து உறிஞ்சிப் பையில் பிடிக்க வேண்டும். நானூறு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் விட்டு இடிக்கத் தெரிந்த மனிதனுக்கு இது தெரியாத வித்தை அல்ல. செலவு ஆகும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். மிச்சம் பிடித்த காசுக்குப் பெயர் லாபம். அதற்கு ஈடாகப் போகிற நுரையீரலுக்கு அவர்கள் கணக்குப் புத்தகத்தில் பத்தியே இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் சிலிகோஸிஸ் கண்டால் அறிவிக்க வேண்டிய நோய். மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது அந்தச் சட்டம். 2020-இல் மோடி சர்க்கார் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 10 பேரை 20 பேர் ஆக்கியது. பேரேட்டில் 20 பேரைக் காட்டுகிற கிரஷர் எத்தனை இருக்கும் என்று வாசகர்களே தங்கள் ஊரில் எண்ணிப் பார்க்கட்டும்.

செய்ய மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானில் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களுடைய ஸ்தாபனங்களும் வருஷக்கணக்கில் விடாமல் கேட்டதன் பேரில், 2019-இல் அந்த மாநில சர்க்கார் தூசி நோய்க்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. நோய் என்று ஊர்ஜிதமானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாதப் பென்ஷன். தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 6 பெரிய கம்பெனிகளை வழிக்குக் கொண்டுவந்தார்கள். 500 கோடி ராண்டு வரை கொடுக்கும் ஒப்பந்தத்தை 2019 ஜூலையில் கோர்ட்டு ஏற்றது. 1965 மார்ச் முதல் அந்தச் சுரங்கங்களில் வேலை பார்த்துத் தூசியால் நோயுற்றவர்களுக்கும், இறந்தவர்களின் வாரிசுகளுக்கும் அதில் பாத்தியதை உண்டு. அங்கே 50 வருஷத்துக் கணக்கைத் திருப்பிப் பார்க்க முடிந்தது என்றால் கோலாரில் ஏன் முடியாது?

மேட்டைக் கிளற மண்வெட்டி போடும் முன்பு, கோலாரில் வேலை பார்த்து உயிரோடு இருக்கும் ஒவ்வொரு தொழிலாளியையும் சர்க்கார் செலவில் எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்க வேண்டும். மேட்டு ஓரத்துக் குடியிருப்புகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். மேட்டிலிருந்து வரும் வருமானத்தில் முதல் பாத்தியதை நோயாளிகளுக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் இருக்க வேண்டும். காண்டிராக்டுக்குக் கொடுப்பதானால் தண்ணீர் தெளிப்பு, மூடிய வண்டி, தூசி அளவு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அளவைத் தினம் பலகையில் எழுதிப் போட வேண்டும். வேலை அந்த ஊர்க்காரர்களுக்கே. கர்நாடகமும் தமிழ்நாடும் ராஜஸ்தானைப் போலத் தூசி நோய்க்கொள்கை அறிவிக்க வேண்டும்.

கோலாரில் வேலை பார்த்தவர்களில் பலர் பழைய வட ஆற்காடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்குத் திரும்பி வந்து இருமிக்கொண்டிருக்கிறார்கள். ‘வயசான இருமல்’, ‘பீடி இருமல்’ என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஜில்லாக்களின் கிளைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் இந்த மாதமே வீடு வீடாகப் போக வேண்டும். பெயர், வயது, எந்த சுரங்கம், எந்த வேலை, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, கையில் இருக்கும் சீட்டு, பாஸ், பி.எப். காகிதம் எதுவானாலும், காசநோய் மருந்து சாப்பிட்டது உண்டா என்பது உட்பட எழுதிக்கொள்ள வேண்டும். இறந்தவர் வீட்டில் விதவையின் பெயரையும் எழுத வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது ‘இவர் கோலாரில் கல் துளைத்தவர்’, ‘இவர் கிரஷரில் நின்றவர்’ என்பதை டாக்டரிடம் சொல்லி, நோயாளிச் சீட்டில் அதை எழுதச் சொல்லி வாங்க வேண்டும். கிரஷரில் இப்போது வேலை செய்பவர்கள் கூலி வாங்கிய தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். மேஸ்திரி கையெழுத்துப் போட மறுத்தால் கூட வேலை செய்யும் இருவர் கையெழுத்துப் போடட்டும். எழுதிய பட்டியல்களில் ஒரு பிரதி ஜில்லாக் கமிட்டிக்கும் ஒரு பிரதி நம் காரியாலயத்துக்கும் வந்து சேரவேண்டும்.